கண்ணாடியில் உறைவதும் காயத்தில் உறைவதும்

1950களின் தொடக்கம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜான் ஹேக்மேன் என்ற ரயில்வே தொழிலாளிக்கு அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடாகியிருந்தது. கத்தி வைக்கும் முன் வழக்கமாகச் செய்யும் சோதனைக்காக அவருடைய ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் உறைந்துவிடும் ரத்தம் அவருக்கு உறைவேனா என்றது. அப்படிப்பட்ட ரத்தம் உள்ளவருக்குச் சவரக் கத்தி பட்டாலே பயப்பட வேண்டும். ஹேக்மேனுக்கோ அதுவரை அளவுமீறி ரத்தம் போனதே இல்லை. 1955இல் ஆஸ்கர் ராட்னாஃப் அவரைப் பற்றி வெளியிட்ட ஆய்வின் வழியாகத்தான், இன்று 12ஆம் உறைகாரணி எனப்படும் புரதம் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. ஹேக்மேனின் ரத்தத்தில் இல்லாதது அதுதான். 1968இல் அவர் இறந்தார். இடுப்பெலும்பு முறிந்த பின் ரத்தக்கட்டி ஒன்று நுரையீரல் நாளத்தில் போய் அடைத்துக்கொண்டது. உறையாத ரத்தம் என்று குழாய் சொன்ன மனிதரின் உயிரை உறைந்த ரத்தம் வாங்கிவிட்டது.

இதை ஒரு வினோதச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ரத்தக்கசிவு நோய்களைக் கண்டறிவதில் இன்றும் நடக்கும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. சோதனைக்கூடம் பார்ப்பது குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தை. ரத்தக்கசிவு நிற்பதோ ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்துக்கும் கிழிந்த நாளச் சுவருக்கும் இடையே. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஒன்றல்ல.

உடல் என்ன செய்கிறது? ரத்த நாளத்தின் உட்சுவரில் ஓர் அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள் ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருப்பதிலேயே காலம் முழுக்க மும்முரமாக இருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் ஆகியவற்றைச் சுரந்து தட்டணுக்களை அண்டவிடாமல் செய்கின்றன. ஹெப்பாரினைப் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளை மேற்பரப்பில் வைத்துக்கொண்டு உறைதல் நொதிகளை முடக்குகின்றன. அந்த அடுக்கு கிழிந்ததும் அதன் அடியில் இருக்கும் கொலாஜன் வெளிப்படுகிறது. நாளம் சுருங்குகிறது. வான் வில்லிபிராண்டு காரணி என்னும் மிக நீண்ட புரதம் கொலாஜனில் ஒட்டுகிறது. அமைதியான ரத்தத்தில் இந்தப் புரதம் சுருண்டே கிடக்கும். ரத்த ஓட்டத்தின் இழுவை பட்டதும் அது நீண்டு விரிந்து, வேகமாகக் கடந்துபோகும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. சிறிய தமனிகளில் ஓட்டத்தின் இழுவை அதிகம் என்பதால் அங்கேதான் இதன் உதவி கட்டாயம் தேவை. நின்ற தட்டணு வடிவம் மாறி, தன் பையிலுள்ள பொருள்களைக் கொட்டி, மற்றத் தட்டணுக்களை அழைக்கிறது. ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜென் என்ற புரதம் அவற்றை ஒன்றோடொன்று கோக்கிறது.

கண்மாய்க் கரை உடைந்தால் முதலில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். அது வெள்ளத்தைத் தற்காலிகமாக நிறுத்தும், களிமண் போட்டு இறுக்காவிட்டால் மறுநாள் பெயர்ந்துவிடும். தட்டணுக்களின் அடைப்பும் அப்படித்தான். அதை இறுக்குவது ஃபைப்ரின் வலை. ஃபைப்ரினோஜெனிலிருந்து அந்த வலையைப் பின்ன த்ராம்பின் என்ற நொதி வேண்டும். த்ராம்பின் உண்டாவதற்கு உறைகாரணிகள் ஒன்றையொன்று தூண்ட வேண்டும்.

இந்தத் தூண்டல் வரிசைதான் மருத்துவ மாணவர்களை மூன்று தலைமுறையாக மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறது. 1964இல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் அமெரிக்காவில் டேவி, ராட்னாஃப் இருவரும் தனித்தனியே ஒரே படத்தை வரைந்தார்கள். ஒரு காரணி அடுத்ததைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, ஒவ்வொரு படியிலும் வேகம் பெருகிக் கடைசியில் ஃபைப்ரின் உண்டாகிறது. பின்னாளில் விரிந்த அந்தப் படத்தில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, காயம்பட்ட திசுவிலிருந்து வரும் திசுக்காரணியில் தொடங்குவது. மற்றொன்று 12ஆம் காரணியில் தொடங்குவது. குழாய்க்குள் நடப்பதை அந்தப் படம் அச்சு அசலாகச் சொல்கிறது. உடலுக்குள் 12ஆம் காரணி இல்லாமலே கசிவு நிற்கிறது என்பதை மட்டும் அதனால் விளக்க முடியவில்லை.

2001இல் ஹாஃப்மன், மன்றோ இருவரும் முன்வைத்த விளக்கம் நிகழிடத்தைத் திரவத்திலிருந்து செல்களின் மேற்பரப்புக்கு மாற்றியது. நாளத்துக்கு வெளியே இருக்கும் செல்களின் மேலுள்ள திசுக்காரணி, 7ஆம் காரணியோடு சேர்ந்து மிகச் சிறிதளவு த்ராம்பினை உண்டாக்குகிறது. அந்தச் சிறுதுளி த்ராம்பின் தட்டணுக்களையும் 5, 8, 11ஆம் காரணிகளையும் எழுப்பிவிடுகிறது. பிறகு தட்டணுவின் மேற்பரப்பில் 8ஆம் 9ஆம் காரணிகள் கூடி பெருமளவு த்ராம்பினை ஒரே வீச்சில் உண்டாக்குகின்றன. 8ஆம் காரணியோ 9ஆம் காரணியோ குறைந்த ஹீமோபிலியா உள்ளவருக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் சீக்கிரமே நின்றுவிடுவதும், பல் பிடுங்கிய பின் நன்றாக நின்றிருந்த ரத்தம் பல மணி நேரம் கழித்து மறுபடி தொடங்குவதும் இந்த விளக்கத்தில் பொருந்திப்போகின்றன. முதல் அடைப்பில் குறையில்லை, அதை இறுக்கும் வலைதான் நைந்தது.

வலை பின்னி முடித்ததும் உடல் அதைக் காயத்தின் எல்லைக்குள் நிறுத்தவும் வேண்டும். ஆன்டித்ராம்பின், புரதம் சி போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. காயம் ஆறியதும் பிளாஸ்மின் வலையைக் கரைக்கிறது. எந்தச் சாதாரண உறைதல் சோதனையும் இந்தத் தடுப்புகளை அளப்பதில்லை.

இனிச் சோதனைக்கூடத்துக்கு வருவோம். உறைதல் சோதனைக்கு எடுக்கும் குழாயின் மூடி வெளிர்நீலம். உள்ளே சோடியம் சிட்ரேட் கரைசல் இருக்கும். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறையாமல் காக்கிறது. கணக்கு, ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். நரம்பு கிடைக்காத குழந்தையிடம் குழாயில் பாதி அளவே ரத்தம் எடுத்து அனுப்பினால் சிட்ரேட் மிகுந்து, இல்லாத நோய் அறிக்கையில் வந்து உட்காரும். பிறவி இதய நோயால் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் கூடுதல், பிளாஸ்மா குறைவு. குழாயைக் கோடு வரை நிரப்பினாலும் அவர்களுக்குச் சிட்ரேட் அதிகம்தான். தட்டணு எண்ணிக்கையிலும் இதே கதை. டெங்கு வந்த பிறகு தட்டணு எண்ணிக்கை ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஊதா மூடிக் குழாயிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலருடைய தட்டணுக்களைக் கொத்துக்கொத்தாக ஒட்டவைக்கும். இயந்திரம் அந்தக் கொத்துகளைத் தட்டணுவாக எண்ணாது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை முப்பதாயிரமாகத் தெரியும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் கொத்துகள் அப்படியே தெரியும். பார்க்காதவர் தட்டணு ஏற்றச் சொல்வார்.

சிட்ரேட் குழாயைச் சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவில் செய்யப்படும் முதன்மைச் சோதனைகள் இரண்டு. 1935இல் அர்மாண்ட் குவிக் வகுத்தது பி.டி. திசுக்காரணியையும் கால்சியத்தையும் சேர்த்துவிட்டு வினாடிகளை எண்ணுவார்கள். 7ஆம் காரணி குறைந்தாலோ, கல்லீரல் கெட்டாலோ, வைட்டமின் கே போதாவிட்டாலோ இது நீளும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மாதாமாதம் பார்க்கும் ஐ.என்.ஆர். இதன் கிளைதான். இரண்டாவது ஏ.பி.டி.டி. இதில் கேயோலின், சிலிக்கா போன்ற ஒரு தூளைச் சேர்த்து 12ஆம் காரணியைத் தூண்டிவிடுகிறார்கள். 8, 9, 11, 12 இவற்றில் எது குறைந்தாலும் இது நீளும். பி.டி. சரியாக இருந்து இது மட்டும் நீண்டால் ஹீமோபிலியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்துச் செய்வது எளிமையானது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. நோயாளியின் பிளாஸ்மாவையும் நலமுள்ளவரின் பிளாஸ்மாவையும் பாதிக்குப் பாதி கலந்து சோதனையைத் திரும்பச் செய்வார்கள். நேரம் சரியாகிவிட்டால் ஏதோ ஒரு காரணி குறைவு, வெளியிலிருந்து வந்த பிளாஸ்மா அதை நிரப்பிவிட்டது என்று பொருள். சரியாகாவிட்டால் உள்ளே ஏதோ ஒன்று காரணியை முடக்குகிறது. முதுமையிலோ பிரசவத்துக்குப் பின்னோ திடீரென்று வரும் ஹீமோபிலியாவில் 8ஆம் காரணிக்கு எதிரான எதிர்ப்புரதம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் கலவையை 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். கலந்த உடனே பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று எழுதினால் நோயாளி கையை விட்டுப் போய்விடுவார். இதன் பிறகே ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே அளப்பது. 8ஆம் காரணி 1 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் கடுமையான ஹீமோபிலியா. 1 முதல் 5 வரை நடுத்தரம். 5 முதல் 40 வரை லேசானது. லேசானதில் ஏ.பி.டி.டி. சரியாகவே இருந்துவிடுவதும் உண்டு.

ஏ.பி.டி.டி.யை நீட்டும் இன்னொன்று இருக்கிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று அதற்குப் பெயர். இந்த எதிர்ப்புரதங்கள் சோதனைக்குத் தேவையான கொழுப்புப் பொருளை மறைத்துக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்துகின்றன. உடலுக்குள் நேர்மாறு. காலில் ரத்தக்கட்டி, மூளையில் அடைப்பு, தொடர்ந்து கலையும் கர்ப்பம். ரத்தம் உறையவில்லை என்ற அறிக்கையோடு வரும் பெண்ணுக்கு உறையாமலிருக்கத்தான் மருந்து தர வேண்டியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனையில் கண்ணாடி விரியனின் விஷம் பயன்படுகிறது. பெருமாள் தியாகராஜன் உள்ளிட்ட மூவர் 1986இல் வெளியிட்ட முறை அது. கண்ணாடி விரியனின் விஷம் 10ஆம் காரணியை நேராகத் தூண்டுவதால் மேலே உள்ள படிகளின் தொந்தரவு இல்லை. உறைதல் படம் வரைந்த மக்ஃபார்லேன் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னமே, 1934இல், இதே விஷத்தை நீர்க்கக் கலந்து ஹீமோபிலியா நோயாளிகளின் காயங்களில் தடவிக் கசிவை நிறுத்தப் பார்த்திருக்கிறார்.

அதே விஷம் வயலில் காலில் இறங்கினால் உடல் முழுக்க உறைதலை ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிறது. 5, 10ஆம் காரணிகளும் ஃபைப்ரினோஜெனும் சில மணி நேரத்தில் செலவாகித் தீர்ந்துவிடுகின்றன. பிறகு ஈறில் கசிகிறது, சிறுநீரில் வருகிறது. இதைக் கண்டறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த இயந்திரமும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாகாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கலாம். தமிழகத்திலும் இலங்கையிலும் இதன் துணையோடு காப்பாற்றப்பட்ட உழவர்கள் ஏராளம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் உதவாது. இந்தச் சோதனையில் உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் மேற்பரப்பு, 12ஆம் காரணியின் வழியாக. காயத்துக்குத் தேவைப்படாத ஒரு புரதத்தின் தயவில்தான் இந்தச் சோதனை நிற்கிறது. மருந்து கொடுத்த ஆறு மணி நேரம் கழித்து மறுபடி செய்யச் சொல்வதற்குக் காரணம், தீர்ந்துபோன ஃபைப்ரினோஜெனைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க அவ்வளவு நேரம் வேண்டும் என்பதே.

நல்ல சோதனை என்றால் இப்படி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் சிறு நகர மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைச் சீட்டுகளில் இன்னமும் அச்சாகிவரும் பி.டி.–சி.டி. இணையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே பி.டி. என்பது கசிவு நேரம் (சி.டி. உறைதல் நேரம்). குவிக்கின் சோதனை அல்ல. விரல் நுனியிலோ காது மடலிலோ குத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றி, எப்போது கறை படாமல் போகிறது என்று பார்ப்பது. டியூக் 1910இல் எழுதிய முறை. குத்திய ஆழம், தோலின் குளிர்ச்சி, ஒற்றியவரின் கை என எதெல்லாமோ விடையை மாற்றிவிடும். அறுவை மேசையில் யாருக்கு ரத்தம் பெருகும் என்பதை இது முன்கூட்டிச் சொல்வதில்லை என்று நிறுவப்பட்டு நெடுங்காலமாகிறது. ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லைத் தாளில் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி, கேட்க வேண்டிய கேள்விகள் அதோடு கேட்கப்படாமல் போகின்றன. அதுதான் இதன் பெரிய தீங்கு.

அந்தக் கேள்விகள் என்ன? பல் பிடுங்கியபோது என்ன நடந்தது? சில்லுமூக்கு உடைந்தால் எவ்வளவு நேரம் ஒழுகும்? அடிபடாமலே உடம்பில் நீலம் பாரிக்கிறதா? குழந்தையாக இருந்தபோது தொப்புளில் கசிவு இருந்ததா? மாதவிடாயில் ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிடுகிறதா, நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? இரும்புச்சத்து மாத்திரை எத்தனை ஆண்டுகளாக? இந்த விடைகளுக்கு மதிப்பெண் இடும் சர்வதேச முறை ஒன்று 2010இல் வந்தது. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 6, குழந்தைகளுக்கு 3 என்ற எல்லையைத் தொட்டால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். பெரும்பாடு என்று பாட்டிமார் சொன்னதை ‘உடம்பு வாகு’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் வீட்டிலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு. அம்மாவுக்கும் அப்படித்தான், சித்திக்கும் அப்படித்தான் என்று ஒரு பெண் சொன்னால் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பரம்பரை நோயின் அடையாளமாக இருக்கலாம்.

1924இல் பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை எரிக் வான் வில்லிபிராண்டிடம் கூட்டிவந்தார்கள். அவளுடைய அக்கா தங்கைகளில் சிலர் ஏற்கெனவே ரத்தக்கசிவில் இறந்திருந்தார்கள். அவர் சோதனைக் குழாயோடு நிற்கவில்லை. குடும்பத்தில் 66 பேரைப் பற்றி விசாரித்து வம்சாவளிப் படம் வரைந்தார். 23 பேருக்குக் கசிவுத் தொல்லை இருந்தது. பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும் ஹீமோபிலியாவைப் போலன்றி, இதில் பெண்களும் பாதிக்கப்பட்டார்கள். தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருந்தது. 1926இல் சுவீடிய மொழியில் கட்டுரை வந்தது. அந்தச் சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிடாயின்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இன்று அந்த மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் நோய்தான் பரம்பரை ரத்தக்கசிவு நோய்களிலேயே அதிகம் பரவியிருப்பது. அதில் பி.டி. சரியாக இருக்கும். பலருக்கு ஏ.பி.டி.டி.யும் சரியாகவே இருக்கும். வான் வில்லிபிராண்டு காரணியை நேராக அளந்தாலும் ஒரே முறையில் முடிவு கட்ட முடியாது. ஊசியைக் கண்டு அழும் குழந்தையின் உடலில் அதன் அளவு ஏறும். கர்ப்பத்திலும் காய்ச்சலிலும் ஏறும். ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு இயல்பாகவே சற்றுக் குறைவு. 2021இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் என்கிறது. 30 முதல் 50 வரை இருந்தால் கசிவு வரலாற்றைக் கேட்டு முடிவு செய்யச் சொல்கிறது. எண்ணைவிட வரலாறு பெரியது என்று வழிகாட்டுதலே ஒப்புக்கொண்ட இடம் அது.

தென்னிந்தியாவுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடந்தவை. அத்தை மகன், மாமன் மகளுக்குப் பிறக்கும் குழந்தை, ஒரே மூதாதையிடமிருந்து வந்த மரபணுவை இரு பிரதிகளாகப் பெறும் வாய்ப்பு ஒரு மரபணுவுக்கு 16இல் 1. தாய்மாமன் திருமணத்தில் அது 8இல் 1. அதனால், இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும், உலகின் பிற பகுதிகளில் மிக அரிதான ஒடுங்கு மரபு நோய்கள் இங்கே மருத்துவர் கண்ணில் அடிக்கடி படுகின்றன. கிளான்ஸ்மன் நோய் அவற்றில் ஒன்று. தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் புரதம்தான் இல்லை. பி.டி. சரி, ஏ.பி.டி.டி. சரி, தட்டணு எண்ணிக்கை சரி. மூன்றும் சரியென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை மூக்கில் ரத்தத்தோடு மறுபடி வரும். விரலில் குத்தி வந்த துளியை எந்த மருந்தும் கலக்காமல் நேரே தகட்டில் பூசினால், நலமானவரின் தட்டணுக்கள் கும்பலாகக் கிடக்கும். இந்தக் குழந்தையின் தட்டணுக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளித்தள்ளி நிற்கும். வட்டார மருத்துவமனையிலேயே, நுண்ணோக்கி இருந்தால் போதும், இவ்வளவு தூரம் வந்துவிடலாம். உறுதிசெய்யத் திரட்டல் சோதனை வேண்டும். ஏ.டி.பி., கொலாஜன், அட்ரினலின் எதைச் சேர்த்தாலும் தட்டணுக்கள் திரளாது. ரிஸ்டோசெட்டின் சேர்த்தால் மட்டும் ஒட்டும். ரிஸ்டோசெட்டின் ஒரு காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாக இருந்தது. தட்டணுக்களைக் குறைக்கிறது என்று கைவிடப்பட்டு, அந்தக் கெட்ட குணத்தாலேயே சோதனைக்கூடத்தில் மறுவாழ்வு பெற்றது.

13ஆம் காரணிக் குறைபாடும் அப்படித்தான். ஃபைப்ரின் வலை உருவாகும்வரை எல்லாம் சரியாக நடக்கும், இழைகளைக் குறுக்கே தைப்பதற்கு மட்டும் ஆளில்லை. பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் வலை உருவான நொடியில் கடிகாரத்தை நிறுத்திவிடுவதால் அவற்றுக்கு இது தெரியாது. பிறந்த சில நாள்களில் தொப்புளில் கசியும், பின்னால் மூளைக்குள் கசியலாம். உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட்டு ஒரு நாள் வைத்தால், தையல் இல்லாத கட்டி கரைந்துபோகும். பெரிய செலவில்லாத சோதனைதான். கேட்டால்தான் செய்வார்கள், தொப்புளைப் பற்றி விசாரித்தவர்தான் கேட்பார்.

சிகிச்சை வேகமாக மாறிவருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய குருத்தணுக்களிலேயே 8ஆம் காரணியின் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தி, அதன் முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஐவருக்கும் கசிவு நின்றிருந்தது. பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்திருப்பது எமிசிசுமாப் என்ற தோலடி ஊசி. 8ஆம் காரணி இல்லாத இடத்தில் 9ஐயும் 10ஐயும் சேர்த்துப் பிடிக்கும் எதிர்ப்புரதம் அது. இயற்கையான 8ஆம் காரணியைத் த்ராம்பின் எழுப்ப வேண்டும். இந்த மருந்து அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே சிறிதளவு மருந்து உடம்பில் இருந்தாலே ஏ.பி.டி.டி. இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். நோயாளியோ இன்னும் லேசான ஹீமோபிலியா உள்ளவரைப் போலத்தான். விபத்தில் அடிபட்டு நள்ளிரவில் கொண்டுவரப்பட்டால், அறிக்கையைப் பார்க்கும் பயிற்சி மருத்துவர் உறைதல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. ஏ.பி.டி.டி.யை வைத்துச் செய்யும் 8ஆம் காரணி அளவும் இந்த மருந்தின் முன் பொய்யாகும். மாட்டுப் புரதங்களைக் கொண்டு நிற மாற்றத்தால் அளக்கும் முறைக்கு மட்டுமே உண்மையான அளவு தெரியும். எந்த ஊசி போட்டுக்கொள்கிறோம் என்பதை எழுதிய அட்டையை இவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.